விமானத்தில் நடந்த கல்யாணம் ஊர் திரும்பியதும் செல்லவில்லை!

ஒரு மாநிலத்தில் தம்பதி, அடுத்த மாநிலத்தில் அந்நியர்: அமெரிக்காவை ஆட்டிய வழக்கு

போகும்போது பிரம்மச்சாரிகள். போன இடத்தில் கல்யாணம். ஊர் திரும்பி இறங்கியதும் மறுபடி பிரம்மச்சாரிகள்!

கேட்பதற்குச் சினிமாக் கதை போல இருக்கும். ஆனால் நிஜமாக நடந்தது. 2013-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி அமெரிக்காவில் நடந்த இந்தக் கல்யாணம், அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 50 மாநிலங்களுக்கும் ஒரே சட்டம் என்ற நிலையைக் கொண்டு வந்தது.

விவரம் வருமாறு:-

படுக்கையில் மாப்பிள்ளை

ஓஹியோ மாநிலம் சின்சினாட்டி நகரில் வசித்தவர்கள் ஜிம் ஓபர்கெபெல், ஜான் ஆர்தர். இருவரும் ஆண்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்கள்.

2011-ம் ஆண்டு ஜானுக்கு ஒரு நரம்பு நோய் கண்டது. கை, கால் ஒவ்வொன்றாகச் செயல் இழந்து, கடைசியில் மூச்சு விடவும் முடியாமல் போகும் நோய். குணமாக்க மருந்து கிடையாது. இரண்டே ஆண்டில் ஜான் படுத்த படுக்கையானார். ஜிம்தான் பக்கத்தில் இருந்து கவனித்துக் கொண்டார்.

2013-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. ஒரே பாலினத்தவரின் கல்யாணத்தை ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்டால், மத்திய சர்க்காரும் அதை ஏற்க வேண்டும் என்பது தீர்ப்பு. சேதி கேட்டதும், "கல்யாணம் செய்து கொள்வோமா?" என்று ஜிம் கேட்டார். ஜான் சம்மதித்தார்.

ஆனால் எங்கே செய்வது? சொந்த மாநிலமான ஓஹியோவில் முடியாது. கல்யாணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் என்று 2004-ம் ஆண்டே ஓட்டெடுப்பு நடத்தி, மாநில அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள்.

மேரிலாந்து மாநிலத்தில் முடியும். அங்கே அந்த ஆண்டு ஜனவரி 1-ந் தேதிதான் இதற்குக் கதவு திறந்திருந்தது. இன்னொரு சவுகரியமும் உண்டு. கல்யாண லைசென்சு வாங்க இருவரும் ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை. ஒருவர் போனால் போதும்.

ஜிம் முன்னதாகப் போய் லைசென்சு வாங்கி வந்தார். பிறகு, நோயாளியைப் படுக்கையோடு ஏற்றிச் செல்லும் சிறிய விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். உறவினர்களும் நண்பர்களும் செலவுக்குப் பணம் போட்டார்கள்.

விமானம் பால்டிமோர் விமான நிலையத்தில் இறங்கி நின்றது. நின்ற விமானத்துக்குள்ளேயே கல்யாணம். ஜானின் உறவுக்கார அம்மாள் ஒருவர் நடத்தி வைத்தார். முடிந்ததும் விமானம் சின்சினாட்டிக்குத் திரும்பியது.

கையில் வெற்றுப் பாரம்

சேதி பரவியது. சில நாட்களில் அல் கெர்ஹார்ட்ஸ்டைன் என்ற வக்கீல் வீடு தேடி வந்தார். அவர் கையில் ஒரு வெற்றுப் பாரம்.

அது மரண சர்ட்டிபிகேட்டுப் பாரம்!

"கல்யாணமானவரா?" என்று ஒரு கட்டம். "கணவன் அல்லது மனைவி பெயர்" என்று இன்னொரு கட்டம். ஜான் இறந்தால் முதல் கட்டத்தில் "இல்லை" என்று எழுதுவார்கள், இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். புதுமணத் தம்பதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு கட்டம்தானே, போனால் போகட்டும் என்று விடக்கூடிய விஷயம் அல்ல. ஜானின் தாத்தா வாங்கிப் போட்ட குடும்பக் கல்லறை நிலம் ஒன்று உண்டு. வம்சத்தாருக்கும், அவர்களை மணந்தவர்களுக்கும் மட்டுமே அங்கே இடம். சர்ட்டிபிகேட்டில் பெயர் இல்லாவிட்டால், நாளைக்கு ஜிம்மை ஜானின் பக்கத்தில் அடக்கம் செய்யக்கூட முடியாது.

விடுவாரா ஜிம்? ஜூலை 19-ந் தேதி கோர்ட்டுக்குப் போனார். மூன்றே நாளில் நீதிபதி திமோத்தி பிளாக் இடைக்கால உத்தரவு போட்டார். ஜான் இறந்தால், சர்ட்டிபிகேட்டில் கணவர் என்று ஜிம்மின் பெயரை எழுத வேண்டும் என்றார்.

அதற்கு அவர் காட்டிய காரணம் சுவையானது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளின் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மணப்பதற்கு ஓஹியோவில் அனுமதி இல்லை. அதாவது, நம் ஊரில் முறைப்பெண் என்று கொண்டாடுகிற மாமன் மகளை அங்கே கட்ட முடியாது! ஆனால் வேறு மாநிலத்தில் கட்டிக்கொண்டு வந்தால், அந்தக் கல்யாணத்தை ஓஹியோ ஏற்றுக்கொள்ளும். அதை ஏற்கும்போது இதை மட்டும் ஏன் ஏற்கக்கூடாது என்று நீதிபதி கேட்டார்.

2013-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ஜான் இறந்தார். சர்ட்டிபிகேட்டில் ஜிம்மின் பெயர் ஏறியது. ஓஹியோ சர்க்கார் விடவில்லை. அப்பீல் போனது.

ஊருக்கு ஒரு சட்டம் ஏன்?

அமெரிக்காவில் கல்யாணச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. லைசென்சு கொடுப்பது, எந்த வயதில் மணக்கலாம், விவாகரத்து எப்படி என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஆனாலும் ஓரிடத்தில் செல்லுபடியான கல்யாணம் மற்ற இடத்திலும் செல்லும் என்பது பொது வழக்கம். இல்லாவிட்டால், வேலை மாற்றலாகிப் போகிறவன் ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாகத் தாலி கட்ட வேண்டியதுதான்!

அந்த வழக்கம் முன்பும் ஒரு முறை உடைந்தது. அது நிறப் பிரச்சினை. 1958-ம் ஆண்டு விர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லவிங் என்ற வெள்ளைக்காரர், மில்ட்ரட் என்ற கறுப்பினப் பெண்ணை வாஷிங்டனுக்குப் போய் மணந்து திரும்பினார். நள்ளிரவில் போலீசார் வீட்டுக்குள் நுழைந்து கைது செய்தார்கள். 25 ஆண்டு மாநிலத்தை விட்டு வெளியேறினால் சிறை இல்லை என்று கோர்ட்டு சொன்னது. 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தையே செல்லாது என்று தூக்கி எறிந்தது.

அதே பஞ்சாயத்துதான் பின்னால் வேறு உருவத்தில் வந்தது.

ஹவாயில் பற்றிய பொறி

1993-ல் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவருக்கு லைசென்சு மறுப்பது ஆண்-பெண் பாகுபாடு ஆகலாம், தக்க காரணம் காட்டு என்று மாநில சர்க்காரைக் கேட்டது. மற்ற மாநிலங்களுக்குத் திகில் பிடித்தது. ஹவாய்க்குப் போய் மணந்து வந்தால் என்ன செய்வது?

உடனே பாராளுமன்றம் சட்டம் போட்டது. 1996-ல் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்டார். இத்தகைய கல்யாணத்தை மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டியதில்லை, மத்திய சர்க்காரும் ஏற்காது என்பதே சட்டத்தின் சாரம். வரி, பென்சன், குடியுரிமை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஷயங்களில் கதவு அடைபட்டது. ஹவாயிலும் 1998-ல் ஓட்டெடுப்பு நடத்தி, தடை போடும் அதிகாரத்தைச் சட்டசபைக்குக் கொடுத்து விட்டார்கள்.

முதல் மாநிலம்

முதன் முதலாகக் கல்யாணத்தை அனுமதித்த மாநிலம் மாசாசூசெட்ஸ். ஏழு ஜோடிகள் போட்ட வழக்கு. அவர்களில் ஒரு பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவமானபோது, துணைவியையும் பச்சைக் குழந்தையையும் போய்ப் பார்ப்பதற்கே மற்றவர் சிரமப்பட்டார். சட்டப்படி அவர் யாரோ ஒருவர்தானே!

2003-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அந்த மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி மார்கரெட் மார்ஷல் என்ற அம்மையார். 2004-ம் ஆண்டு மே 17-ந் தேதி நள்ளிரவிலேயே கேம்பிரிட்ஜ் நகரசபை ஆபீசைத் திறந்து மனுக்களை வாங்கினார்கள்.

வெளி மாநிலத்து ஜோடிகளும் கிளம்பினார்கள். வந்தது வினை! சொந்த மாநிலத்தில் செல்லாத கல்யாணத்தை இங்கே செய்யக்கூடாது என்று 1913-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. கவர்னர் மிட் ராம்னி அதைக் கையில் எடுத்தார். 2008-ல்தான் அது ரத்தானது.

அதே 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள் ஓட்டுப் போட்டுத் தடை கொண்டு வந்தன. ஓஹியோவும் அதில் ஒன்று. ஆனால் 2009-ல் அயோவா கோர்ட்டும், 2011-ல் நியூயார்க் சட்டசபையும் அனுமதித்தன. 2012-ல் மேரிலாந்து, மெய்ன், வாஷிங்டன் மாநிலங்களில் ஜனங்களே ஓட்டுப் போட்டு ஆதரித்தார்கள்.

ஆக, வரைபடத்தில் ஒரு மாநிலம் வெளிச்சம், அடுத்த மாநிலம் இருட்டு. மணந்தவர்கள் மாற்றலாகிப் போனால் கல்யாணம் போச்சு. பிரிய நினைத்தாலும், கல்யாணமே இல்லாதபோது விவாகரத்து எதற்கு என்று கோர்ட்டு கைவிரித்த இடங்களும் உண்டு.

விதவைக்கு வரி

மத்திய சட்டத்தை உடைத்தவர் எடித் வின்ட்சர் என்ற நியூயார்க் மூதாட்டி. தியா ஸ்பையர் என்ற பெண்ணை 2007-ல் கனடாவில் மணந்தவர். 2009-ல் தியா இறந்தார். கணவன் சொத்து மனைவிக்கு வந்தால் மரண வரி கிடையாது. எடித்துக்கோ 3 லட்சத்து 63 ஆயிரத்து 53 டாலர் வரி போட்டார்கள். அந்த வழக்கில்தான் 2013-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதித் தீர்ப்பு வந்தது. ஜிம்மைக் கல்யாணத்துக்குத் தூண்டிய அதே தீர்ப்பு!

ஆனால் அது மத்திய சர்க்காரை மட்டுமே கட்டியது. மாநிலங்களைக் கட்டவில்லை.

5-க்கு 4

ஓஹியோ சர்க்காரின் அப்பீல் 2014 நவம்பரில் ஜெயித்தது. ஜானின் சர்ட்டிபிகேட்டுக்கு மறுபடி ஆபத்து. ஜிம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மிச்சிகன், கென்டகி, டென்னசி மாநிலத்து ஜோடிகளும் சேர்ந்து கொண்டார்கள்.

2015-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி கென்னடி. எல்லா மாநிலங்களும் லைசென்சு கொடுக்க வேண்டும். வெளி மாநிலக் கல்யாணத்தையும் ஏற்க வேண்டும் என்றார். ஜானின் மரண சர்ட்டிபிகேட்டில் இருந்த பெயரை இனி யாரும் அடிக்க முடியாது.

நால்வர் ஒப்பவில்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டியதைக் கோர்ட்டு செய்வதா என்பது தலைமை நீதிபதி ராபர்ட்சின் ஆட்சேபம். மத நம்பிக்கை உள்ள பலரும் இன்றும் இந்தக் கல்யாணத்தை ஏற்பதில்லை.

தூங்கும் சட்டங்கள்

கதை இதோடு முடியவில்லை. 2022-ல் கருச்சிதைவு உரிமை பற்றிய பழைய தீர்ப்பை சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்தது. கல்யாணத் தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று நீதிபதி தாமஸ் எழுதினார். மணந்தவர்கள் வயிற்றில் புளி கரைந்தது.

பாராளுமன்றம் முந்திக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி ஜனாதிபதி பைடன் புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1996 சட்டம் ஒழிந்தது. ஒரு மாநிலத்தில் செல்லுபடியான கல்யாணத்தை மற்ற மாநிலங்கள் மறுக்கக்கூடாது என்றது புதுச் சட்டம். ஆனால் எல்லா மாநிலமும் லைசென்சு கொடுத்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை. அதற்கு இன்னும் 2015 தீர்ப்புதான் காவல்.

பல மாநிலங்களின் சட்டப் புத்தகத்தில் பழைய தடை வாசகங்கள் அழிக்கப்படாமல் தூங்குகின்றன. தீர்ப்பு மாறினால் அவை எழுந்து உட்காரும். ஆகவே ஒவ்வொரு மாநிலமாக அவற்றை அழிக்கும் வேலை நடக்கிறது. 2020-ல் நெவாடா அழித்தது. 2024 நவம்பரில் கலிபோர்னியாவும் கொலராடோவும் ஓட்டெடுப்பில் அழித்தன.

அதே நாளில் இன்னொரு மாநிலத்திலும் ஜனங்கள் வரிசையில் நின்று, தாங்கள் 1998-ல் எழுதி வைத்ததைத் தாங்களே அடித்தார்கள். அந்த மாநிலம் ஹவாய்!