இணையக் காவலுக்கு வெளியாளா? உரிமத்தைக் கேளுங்கள்

கடைக்கு இரவுக் காவலர் வைக்கும் முதலாளி, அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பதில்லை. கணினி என்றால் மட்டும், தெரிந்தவர் சொன்னார் என்று மறைச்சொல்லையே கொடுத்துவிடுகிறோம்.

நாட்டில் 2024 ஆகஸ்டு 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன்படி இரண்டு சேவைகளை வழங்க உரிமம் கட்டாயம். ஒன்று, நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பை இடைவிடாமல் கண்காணிப்பது. மற்றொன்று ஊடுருவல் சோதனை. அதாவது, திருடன் வருமுன் பூட்டை நாமே ஆள் வைத்துத் திறந்து பார்ப்பது. உரிமமின்றி இச்சேவைகளை வழங்குவோருக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டுவரை சிறை அல்லது இரண்டும். ஆகவே உரிமத்தைக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

மளிகைக் கடைக்கும் லோரி நிறுவனத்திற்கும் 24 மணி நேரக் கண்காணிப்பு உடனே தேவைப்படாது. ஆண்டுக்கொரு சோதனை, கணக்குகளின் நகலைத் தனியே வைப்பது, இவற்றில் தொடங்கலாம்.

ஒப்பந்தத்தில் முக்கியமானது ஒன்று: ஊடுருவல் தெரிந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்கள்? வாடிக்கையாளர் விவரம் கசிந்து பெரும் பாதிப்பு நேரும் என்றால், 72 மணி நேரத்திற்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். 2025 ஜூன் 1 முதல் இது கட்டாயம். தெரிவிக்க வேண்டியவர் நீங்கள். சேவை நிறுவனம் அல்ல. வெள்ளிக்கிழமை கண்டதை அவர்கள் திங்கட்கிழமை சொன்னால், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

தாக்குதல் நடந்துவிட்டால் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம்.