பாரம் இழுக்கும் பயணம்: அறிந்திருக்க வேண்டியவை

வீடு மாறும்போது தளபாடங்களை ஏற்றுவதற்கும், வாரச் சந்தையில் கடை விரிப்பதற்கும், கோடை விடுமுறையில் கரவனுடன் கடற்கரை செல்வதற்கும் காரின் பின்னால் மற்றொரு வண்டியைக் கொழுவிச் செல்வோர் பிரித்தானியாவில் வாழும் நம்மவரிடையேயும் உள்ளனர். அத்தகைய குடும்பங்களுக்குப் பயன்படும் சில செய்திகளை இங்கு தருகின்றோம்.

1997 ஜனவரி 1 முதல் கார்ச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள், பாரமான ரெயிலர்களை இழுப்பதற்கு முன்னர் தனிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களில் அது நீக்கப்பட்டது. இப்பொழுது 3,500 கிலோ வரையான ரெயிலரை அவர்களும் இழுக்கலாம். ஆயினும் அப்பரீட்சைக்காகக் கற்றவற்றை இனி நாமே தேடிக் கற்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

எவ்வளவு இழுக்கலாம்?

3,500 கிலோ என்பது அனுமதிப்பத்திரத்தின் எல்லை மட்டுமே. காரின் எல்லை பெரும்பாலும் அதனிலும் குறைவு. சாரதியின் கதவோரத்திலோ முன்மூடியின் கீழோ உள்ள தகட்டில் அதனைக் காணலாம். முதலாவது எண், பாரத்துடன் காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் ரெயிலரும் சேர்ந்த உச்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுப் பாரத்துடன் உள்ள கார் இழுக்கக்கூடிய அளவு கிடைக்கும். ஆங்கிலக் கைநூலை வாசிக்கத் தயங்கும் பெற்றோர், பிள்ளைகளை அருகில் இருத்தி வாசிப்பித்து அறிந்துகொள்வது நன்று.

பிரேக் இல்லாத ரெயிலரானால், காரின் எடையில் பாதி அல்லது 750 கிலோ, இவற்றுள் எது குறைவோ அதுவே எல்லை. 1,200 கிலோ எடையுள்ள கார் 600 கிலோவுக்கு மேல் இழுத்தலாகாது. இந்த 600 கிலோவில் ரெயிலரின் சொந்த எடையும் அடங்கும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டியில் நெல் மூடை ஏற்றிய நம் முன்னோருக்கு இக்கணக்கு நன்கு தெரியும். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பும். ரெயிலருக்கும் இதுவே விதி. முன்பாரம் கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சில்லுகளின் பிடி தளரும். பின்பாரம் கூடினால் ரெயிலர் வேகத்தில் பாம்புபோல் நெளியத் தொடங்கும்.

எனவே பாரமான பொருட்களை அச்சுக்கு நேர்மேலே, தாழ்வாக அடுக்கி, அசையாது கட்டவேண்டும். கொழுவியின் மேல் இறங்கும் பாரம், ரெயிலரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதமாக இருப்பது பொதுவாக ஏற்றது. 1,000 கிலோவுக்கு அது 50 முதல் 70 கிலோ. காரின் கொழுவிக்குக் குறிக்கப்பட்ட எல்லையையும் அது தாண்டக்கூடாது.

நெளியத் தொடங்கினால்

பெருங்காற்று, இறக்கமான பாதை, அருகே விரைந்து செல்லும் லொறி ஆகியவற்றால் ரெயிலர் ஆடக்கூடும். அவ்வேளை பதறிப் பிரேக்கை அழுத்துவதும், எதிர்ப்புறம் திருப்புவதும், வேகத்தைக் கூட்டுவதும் ஆபத்தானவை. திசைதிருப்பியை நேராகப் பற்றியபடி, வேகமூட்டியிலிருந்து காலை மெல்ல எடுக்கவேண்டும். வேகம் குறைய ஆட்டமும் அடங்கும். பின்னர் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாரத்தைச் சீராக்கியே பயணத்தைத் தொடரவேண்டும்.

மோட்டர்வேயில் ரெயிலருடன் மணிக்கு 60 மைலுக்கு மேல் செல்லுதல் சட்டவிரோதம். நடுப்பிரிப்பு இல்லாத சாலைகளில் எல்லை 50 மைல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஒழுங்கைகள் உள்ள மோட்டர்வேயில் வலப்புறக் கடைசி ஒழுங்கை நமக்குரியதன்று.

புறப்படுமுன்

கொழுவி நன்கு பூட்டியுள்ளதா, ரெயிலர் கழன்றால் அதன் பிரேக்கை இயக்கும் பாதுகாப்புக் கம்பி காருடன் இணைந்துள்ளதா, விளக்குகள் யாவும் எரிகின்றனவா, காரின் இலக்கத் தகடு ரெயிலரின் பின்னும் உள்ளதா எனப் பார்க்கவேண்டும். நெடுங்காலம் நின்ற ரெயிலரின் ரயர் தேயாதிருந்தாலும் வெடித்திருக்கக்கூடும். இரவல் ரெயிலரில் இவற்றை இரட்டிப்புக் கவனத்துடன் நோக்கவேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஓடும் கரவனுக்குள் பிள்ளைகளை ஒருபோதும் இருத்தலாகாது.

பாரம் மிகுந்ததெனத் தோன்றினால் இருமுறை சென்று வருவோம். ஒரு மணி நேரம் தாமதிப்பதால் எவருக்கும் தீங்கில்லை.