பைப்புக்கு ஸ்பீட் லிமிட் எதுக்கு?

இன்னைக்கு எபிசோட் ஒரு பைப் பத்தி.

2004 ஆகஸ்ட் 9. ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்தில் இருக்கும் மிஹாமா அணுமின் நிலையம், மூன்றாவது யூனிட். டர்பைன் கட்டடத்தில் ஒரு பெரிய பைப் வெடிச்சுது. உள்ளே ஓடினது சுமார் 140 டிகிரி செல்சியஸ் தண்ணீர். வெளியே வந்ததும் அது நீராவியாகி இடம் முழுக்கப் பரவுச்சு. ஐந்து தொழிலாளர்கள் இறந்தாங்க, ஆறு பேருக்குக் காயம். கதிரியக்கக் கசிவு கிடையாது. ஆளைக் கொன்னது வெறும் சுடுதண்ணி.

பைப்போட தடிமன் ஆரம்பத்துல 10 மில்லிமீட்டர். உடைஞ்ச இடத்துல சில பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை.

தண்ணி எப்படி ஸ்டீலைத் தின்னும்? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தண்ணியோட வர்ற மணல் சுவரில் மோதி உராய்வது. இங்கே வேகம் ரெண்டு மடங்கானா தேய்மானம் ரெண்டு மடங்கு ஆகாது. ஏறத்தாழ ஆறு மடங்கு ஆகும். இன்னொண்ணுக்கு மணலே வேண்டாம். சூடான தண்ணியில் ஸ்டீல் மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காப்பாத்தும். ஓட்டம் கலங்கலா, வேகமா இருந்தா அந்தப் படலம் கரைஞ்சுகிட்டே இருக்கும். மிஹாமாவில் நடந்தது இதுதான்.

அதனாலதான் வேக வரம்பு வைக்கிறாங்க. எண்ணெய்த் துறையில் பிரபலமான ஏபிஐ சூத்திரம் ரொம்ப எளிமை: ஒரு மாறிலியை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்கணும். தண்ணிக்குப் போட்டா வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வரும். ஆனா வளைவு எங்கே, குழாய் என்ன உலோகம்னு அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. அது பார்க்கிறது சராசரி வேகம் மட்டும். தேய்மானம் நடக்கிறதோ குறிப்பிட்ட ஒரு இடத்துல. மிஹாமாவில் ஓட்டத்தை அளக்க ஓட்டை போட்ட ஒரு தட்டு வெச்சிருந்தாங்க. அதைத் தாண்டினதும் தண்ணி சுழலும். உடைஞ்சது சரியா அங்கேதான்.

அப்போ யாருமே அளந்து பார்க்கலையா? இல்லை. 1976-ல் அந்த யூனிட் ஓட ஆரம்பிச்சதிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. பரிசோதனைப் பட்டியலில் அந்த இடமே விட்டுப்போயிருந்தது. அது தெரியவந்து, அதே ஆகஸ்ட் மாசப் பராமரிப்பில் பார்க்கத் திட்டமும் போட்டிருந்தாங்க. அந்தப் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்ய வந்தவங்கதான் இறந்துபோனாங்க.

கோடு எழுதுற நம்ம ஆட்களுக்கு இது உடனே புரியும். டெஸ்ட் எல்லாம் பச்சைன்னு காட்டினா, எழுதின டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னுதான் அர்த்தம். எழுதாம விட்டது எங்கேன்னு அது சொல்லாது. உங்க பட்டியலில் இல்லாதது எது? இந்த வாரம் ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.