சென்னைக்கு குடி போறீங்களா? நகையை அடகு வைக்கும் முன் இந்த கணக்கை பாருங்க!

குடியாத்தம்:
குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பகுதியில் இருந்து தோல், ஷூ கம்பெனி வேலைக்காக குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடும்பத்தோடு குடியேறுபவர்கள் உண்டு. இவர்களை முதலில் திணறடிப்பது வாடகை அல்ல, அட்வான்ஸ்தான்.

சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்சாக கேட்பது பழைய வழக்கம். உதாரணத்துக்கு வாடகை 7 ஆயிரம் என்றால் அட்வான்ஸ் 70 ஆயிரம். முதல் மாத வாடகை, புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றும் வண்டி எல்லாம் சேர்த்தால் 90 ஆயிரத்தை நெருங்கிவிடும். நகை அடகுக்கு போவது இதற்காகத்தான்.

ஆனால் 2019 பிப்ரவரி 22-ந்தேதி அமலுக்கு வந்த தமிழக வாடகை சட்டம், 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. அந்த கணக்குப்படி 21 ஆயிரம் போதும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் போட்டால் இந்த வரம்பு செல்லாது. 10 மாதம் என்று எழுதிய பேப்பரில் கையெழுத்து போட்டுவிட்டு, அப்புறம் சட்டம் பேசி பயனில்லை. பேரத்தை அதற்கு முன்பே பேசிடுங்க.

கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்க. கரண்டுக்கு தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்றும் கேட்டுக்கோங்க.

ரேஷன் அரிசிக்கு கவலை வேண்டாம். 2020 அக்டோபரில் வந்த திட்டப்படி, ஊர் கார்டை வைத்தே சென்னை கடையிலும் வாங்கலாம்.