முறிந்த இணைப்புகள்

குடியிருந்த வீட்டைவிட்டு வேறு தெருவிற்குச் செல்வோர், பழைய வீட்டின் கதவில் புதிய விலாசத்தை எழுதி ஒட்டிச் செல்வதுண்டு. தேடி வருவோர் அச்சீட்டைப் படித்து உரிய இடத்தை அடைவர். கணிப்பொறியில் உள்ள கோப்புகளிடையேயும் இத்தகைய சீட்டுகள் உள. அவற்றைக் குறியீட்டு இணைப்புகள் என்பர். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்க்கிலி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் இவை இடம்பெற்றன. பின்னர், 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இவற்றைக் கைக்கொண்டது.

இணைப்பு என்பது மிகச் சிறிய கோப்பேயாகும். அதனுள் இருப்பது மற்றொரு கோப்பின் விலாசம் மட்டுமே. ஆதலின், இணைப்பை அழித்தால் மூலக்கோப்பிற்கு யாதொரு தீங்கும் நேராது. மூலக்கோப்பு அழிந்தாலோ, பெயர் மாறினாலோ, இடம் பெயர்ந்தாலோ சீட்டு தானே திருந்துவதில்லை. இல்லாத வீட்டையே காட்டிக்கொண்டு நிற்கும். இதனையே முறிந்த இணைப்பு என்கிறோம். பட்டியலில் கோப்பின் பெயர் தெளிவாகத் தெரியும். திறக்க முயன்றாலோ, அப்படியொரு கோப்பு இல்லை என்று விடை வரும். புதிதாகப் பயில்வோர் இங்கேதான் திகைப்பர்.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையில், இணையதளப் பெயர்களை எண்முகவரிகளாக மாற்றுதற்கு வழிகாட்டும் கோப்பொன்று உண்டு. ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்னும் அது, உண்மையில் ‘ரன்’ என்ற அடைவிலுள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பேயாகும். ‘ரன்’ அடைவிலுள்ளவை நினைவகத்தில் மட்டும் வாழ்வன. பொறியை நிறுத்தினால் மறைவன. மறுமுறை பொறி இயங்கும்போது அக்கோப்பை எழுதவேண்டிய நிரல் தொடங்காவிடின் இணைப்பு முறியும். கம்பி நன்றாயிருந்தும், பெயரைக் கொண்டு எந்தத் தளத்தையும் அடைய இயலாது. இங்கு இணைப்பை மாற்றுதல் மருந்தன்று. அந்நிரலை இயக்குதலே மருந்து.

முறிந்தவற்றைத் தேடுதற்கு ‘ஃபைண்ட்’ என்னும் கட்டளையை ‘எக்ஸ்டைப் எல்’ என்ற குறிப்புடன் இடுவர். அவை எங்கே சுட்டுகின்றன என்பதை ‘ரீட்லிங்க்’ உரைக்கும். மூலக்கோப்பு வேறிடத்தில் இருப்பின், ‘எல்என்’ கட்டளையை ‘எஸ்’, ‘எஃப்’ என்னும் குறிப்புகளுடன் இட்டு, பழைய இணைப்பை நீக்கிப் புதியதை அமைக்கலாம்.

விலாசம் எழுதுவதில் இருமுறை உண்டு. மூல அடைவிலிருந்து முழுவழியையும் எழுதுவது ஒன்று. ‘அடுத்த தெருவில் மூன்றாம் வீடு’ என்பதுபோல எழுதுவது மற்றொன்று. பின்னது இணைப்பு இருக்கும் அடைவிலிருந்தே கணக்கிடப்படும். கட்டளை இடுபவர் நிற்கும் அடைவிலிருந்து அன்று. இதனை மறந்து அமைத்த இணைப்பு பிறக்கும்போதே முறிந்து பிறத்தலும் உண்டு.

முறிந்தவை அனைத்தையும் ஒருங்கே அழித்துவிடுவோரும் உளர். அஃது அவசரச் செயலாகும். வெளிவட்டு ஒன்றைக் கழற்றி வைத்திருக்கும் வேளையில், அதனைச் சுட்டும் இணைப்புகள் யாவும் முறிந்தனபோலவே தோன்றும். வட்டை மீண்டும் பொருத்தியவுடன் அவை முன்போல் இயங்கும்.