திருவனந்தபுரத்துப் பிள்ளைமார்

1954இல் திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப் பிள்ளை முதல்வரானபோது, நிதி இலாகா பி. எஸ். நடராஜ பிள்ளையிடம் இருந்தது. அந்த மந்திரிசபைப் பட்டியலைப் பார்த்த வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும், இருவரும் பங்காளிகள் என்றுதான் நினைத்திருப்பார். தாணுப் பிள்ளை நாயர், தாய்மொழி மலையாளம். நடராஜ பிள்ளையோ தமிழ் வேளாளர், ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளையின் மகன். பெயரின் கடைசிச் சொல்லைத் தவிர இரண்டு வீட்டாருக்கும் உறவுமுறை எதுவும் இல்லை.

அன்றைய திருவனந்தபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பிள்ளைமேல்தான் விழவேண்டும். வக்கீல் பிள்ளை, பத்திரிகாசிரியர் பிள்ளை, கச்சேரி குமாஸ்தா பிள்ளை. ஆனால் இது வம்சப் பெயராக வந்ததல்ல. அரசர் கொடுத்த பட்டமாகவும் உத்தியோகத்தின் அடையாளமாகவும் வந்து, பிறகு வழக்கத்தில் நிலைத்தது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல் என்று ஊர்ப் பெயரோடு பிள்ளை சேர்த்துச் சொல்லப்பட்டவர்கள். ராஜா அந்த வீடுகளை இருந்த இடம் தெரியாமல் அழித்தார். பட்டம் மட்டும் அழியவில்லை. அவருக்குப் பின்னும் அரண்மனைக் கணக்கு வழக்குகள் பிள்ளைமார் கையில்தான் இருந்தன.

குடும்பப் பெயர்கள் எப்படி அருகுகின்றன என்று 1874இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் ஒரு கணக்குப் போட்டார்கள். தந்தை பெயர் மகனுக்குப் போகிறது. மகன் இல்லாத வீட்டில் பெயர் நின்றுவிடுகிறது. தலைமுறைகள் போகப்போகப் பல பெயர்கள் மறைந்து, எஞ்சிய சில பெயர்கள் பெருகுகின்றன. கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம் என்றால் இப்படியும் ஒரு காரணம் சொல்லலாம். திருவனந்தபுரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. மருமக்கள் தாய முறையில் மகன் அப்பாவின் வீட்டைச் சேர்ந்தவனே அல்ல, அம்மாவின் தறவாட்டுப் பிள்ளை. நாவலாசிரியர் சி. வி. ராமன் பிள்ளையின் தந்தை பெயர் நீலகண்ட பிள்ளை. சி, வி என்ற முன்னெழுத்துகளில் நீலகண்டனைத் தேடினால் கிடைக்கமாட்டார். மக்கள் தாயக்காரரான நடராஜ பிள்ளையின் ‘எஸ்’ஸிலோ அப்பா சுந்தரம் உட்கார்ந்திருக்கிறார்.

1925இல் நாயர் சட்டமும், அடுத்த ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்தன. தறவாடுகள் பாகம் பிரிந்தன. அப்பாவின் சொத்தும் பெயரும் பிள்ளைகளுக்கு வரத் தொடங்கின. பிள்ளை என்பது நிஜமான குடும்பப் பெயராக மாற அப்போதுதான் வழி பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில்தான் அதை வெட்டவும் தொடங்கினார்கள். நாயர் சங்கத்தைக் கட்டி வளர்த்த மன்னத்து பத்மநாப பிள்ளையே பிள்ளையை விட்டு மன்னத்து பத்மநாபன் ஆனார். ‘ஜாதி வால்’ என்று மலையாளிகள் இன்றும் கேலியாகச் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு வால் மெல்ல மெல்ல, ஏறக்குறைய முழுசாகவே போய்விட்டது. இங்கே பாதிதான் போயிற்று.

முடவன்முகளில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா விஸ்வநாதன் நாயர், சர்க்கார் சட்டச் செயலர். மகன் மோகன்லால். பேரன் பிரணவ் மோகன்லால். மூன்றே தலைமுறையில் நாயர் போய், நடுவில் இருந்தவரின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. கரமனை கிருஷ்ணன் நாயரின் மகள், பாடகி கே. எஸ். சித்ரா முன்னெழுத்துகளோடு நின்றுகொண்டார். நகரத்து வீடுகளில் தாத்தா பிள்ளை, அப்பா வெறும் பெயர், பேத்தி நாயர் என்ற வரிசையும் சகஜம். தெற்கத்திய வாசனை அடிக்கிற பிள்ளையைவிட, கேரளம் முழுக்கச் செல்லுபடியாகிற நாயர் சிலருக்கு வசதி. ஆகவே பிள்ளை என்ற பெயர் குறைந்திருப்பதை வைத்து, பிள்ளைமார் குறைந்துவிட்டார்கள் என்று யாரும் கணக்கெடுத்துவிடக் கூடாது.

என் கண்ணுக்கு இந்த ஊரின் அசல் குடும்பப் பெயர் ஜாதியில் இல்லை, பேட்டையில் இருக்கிறது. நாடகாசிரியர் ஜகதி என். கே. ஆசாரியின் மகன் ஜகதி ஸ்ரீகுமார். நகரத்தின் ஒரு வார்டு, அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெயராக இறங்கியிருக்கிறது. நடிகர் சுராஜ் வெஞ்ஞாறமூடு ஒரு படி மேலே போய், ஊரைப் பெயருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வெள்ளைக்காரன் குடும்பப் பெயர் வைக்கிற அதே இடத்தில்.

கடல் கடந்தால் கதை தலைகீழ். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குக் கப்பலேறிய கூலித் தமிழர்களின் பேரப்பிள்ளைகளிடம் பிள்ளை, கோவிந்தர் எல்லாம் அசைக்க முடியாத குடும்பப் பெயர்கள். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளை டர்பனில் பிறந்தவர். அங்கே அதை ஜாதி என்று படிப்பவர்கள் குறைவு. பாட்டன் எந்த ஊர்க்காரர் என்பதே மறந்துபோன வீட்டிலும் பெயர் இருக்கிறது.

திருவனந்தபுரத்துப் பையன்களும் இப்போது வெளிநாடு போகிறார்கள். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் பலர் அப்பாவின் பெயரை எழுதுகிறார்கள். சிலர், தாத்தா விட்டுப்போன பிள்ளையைத் தேடி எடுத்து எழுதுகிறார்கள். ஜாதி திரும்பி வருகிறது என்று இதைக் கோபிப்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். மீதிப் பாதிக்குக் காரணம், அந்தக் கட்டம்.