ரூட்டருக்கு நாடி பார்க்கும் பைத்தான்!

இன்டர்நெட்டில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. அவற்றை உரிய இடத்துக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியின் பெயர் "ரூட்டர்".

வீட்டில் இருப்பது சிறிய ரூட்டர். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் இருப்பவை பெரியவை. அது நின்றால் வேலையே நின்றுவிடும்!

நிற்கும் முன்பே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும்!

ஓயாத கணக்கு

ரூட்டர் ஓயாமல் கணக்கு வைக்கிறது. எவ்வளவு நேரமாக ஓடுகிறது, எத்தனை பொட்டலங்கள் வந்தன, எத்தனை போயின, பழுதாக வந்தவை எத்தனை? எல்லாம் அதில் இருக்கும்.

நூறு ரூட்டர்கள் இருந்தால், இரவும் பகலும் யார் பார்ப்பது? அந்த வேலையைப் "பைத்தான்" செய்கிறது.

பாம்பு அல்ல!

பைத்தான் என்றால் மலைப்பாம்பு. பயப்பட வேண்டாம்! இது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் 1991-ல் இதை வெளியிட்டார். "மான்டி பைத்தான்" என்ற இங்கிலாந்து சிரிப்பு நிகழ்ச்சியின் பெயரையே இதற்கு வைத்தார்.

சில வரிகள் எழுதினால் போதும். குறித்த நேரத்தில் ரூட்டரின் கணக்கைப் படித்துக் குறித்து வைக்கும்.

கழித்தால் தெரியும்

வீட்டு மின்சார மீட்டரைப் பாருங்கள். இன்றைய எண்ணில் சென்ற தடவை எண்ணைக் கழித்தால்தான் செலவு தெரியும். ரூட்டரும் அப்படித்தான்.

"பழுது 500" என்று இருக்கிறது. ஒரு வருடமாகச் சேர்ந்தது என்றால் கவலை இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் 100 ஆக இருந்தது என்றால் ஆபத்து! கேபிளை உடனே சோதிக்க வேண்டும்.

பொய்க் கணக்கு

பழைய வகைக் கணக்கு, 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரைதான் எண்ணும். பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் ஓடும் லைனில், பைட்டுகளை எண்ணும் கணக்கு 6 நிமிடத்துக்குள் நிரம்பிவிடும்! மணிக்கு ஒரு தடவை படித்தால் கணக்குப் பொய்யாகிவிடும். அடிக்கடி படிக்க வேண்டும். அல்லது பெரிய எண்களைத் தாங்கும் 64 பிட் கணக்கைப் படிக்க வேண்டும்.

ரூட்டரை நிறுத்தி ஓட்டினாலும் கணக்கு பூஜ்யமாகும். ஆகவே, ஓடிய நேரத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

எச்சரிக்கை!

பைத்தானுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், மாற்றுவதற்குக் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டைக் கட்டளைக்குள்ளேயே எழுதவும் கூடாது. அது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போல!